மாட்டுப் பொங்கல் அன்னிக்கி மோட்டார், கேஸ், மிக்ஸி மூணும் நின்ன வீட்ல 22 பேருக்கு ராச்சாப்பாடு

பாபநாசத்துலேர்ந்து திருக்கருகாவூர் போற பக்கம் எங்க ஊரு. பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் மாட்டுக்குப் பொங்கல் வச்சு, கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு, நெட்டி மாலை போட்டு, தாம்பாளத்தத் தட்டிக்கிட்டே "பட்டி பெருக, பால் பானை பொங்க"ன்னு கட்டுத்தறியச் சுத்தி வந்து முடிச்சப்புறம்தான் எங்க வீட்ல மனுஷங்களுக்கு எல போடுறது. அன்னிக்கி சைவம், கறி மறுநாள்தான். நாத்தனார் குடும்பம், சின்ன மாமனார் வீடு, ஊர்லேர்ந்து வந்த பிள்ளைங்க எல்லாம் சேத்து இந்த வருஷம் 22 பேரு.

அன்னிக்கி மத்தியானத்துக்கு மேல மோட்டார் நின்னுச்சு, கேஸ் போச்சு, மிக்ஸி போச்சு, பொழுது சாஞ்சதும் கரண்டும் ட்ரிப் ஆயிடுச்சு. பண்டிகை நாள்ல பாபநாசத்துலயும் கடை இல்ல, கும்பகோணம் போனாலும் கிடைக்குமான்னு தெரியாது, மெக்கானிக்கக் கூப்பிட்டா அவரும் அவர் வீட்டு மாட்டுக்கு மாலை கட்டிட்டு இருப்பாரு. அதனால கையில இருந்தத வச்சு எதச் சரி பண்ணோம், எத அப்படியே விட்டுட்டு வேற வழி பாத்தோம்னு எழுதுறேன், இதே மாதிரி மாட்டிக்கிட்ட யாருக்காவது ஆகும்.

போட்ட திட்டம் இது: சோறு, கூட்டுக்குழம்பு, அவரைக்காய் பொரியல், வாழைக்காய் வறுவல், ஆமவடை, ரசம், அப்பளம், மோர். சக்கரைப்பொங்கல் மாட்டுக்கு வைக்கிற பானையிலேர்ந்து வந்துடும்.

மொதல்ல மோட்டார். ரெண்டு மணி வாக்குல பாத்திரம் கழுவப் போனா குழாயில காத்துதான் வருது, டேங்க் காலி. சுவிட்ச் போட்டா மோட்டார் "ம்ம்ம்"னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. இப்படி உறுமிட்டே நிக்கிற மோட்டார அப்படியே விட்டு வைக்கக் கூடாது, காயில் சூடேறிக் கருகிடும், உடனே ஆஃப் பண்ணணும். கொழுந்தன் வந்து மெயின ஆஃப் பண்ணிட்டு பின்னாடி இருக்குற ஃபேன் மூடியக் கழட்டி கையால சுத்திப் பாத்தாரு, லேசா சுத்துச்சு. அப்ப பேரிங் இறுகல, உள்ள எதுவும் சிக்கல. அடுத்து சந்தேகம், மோட்டாரக் கெளப்பி விடுற கெப்பாசிட்டர்தான். பெட்டியத் திறந்தா அது வயிறு உப்பிப் போயி நிக்குது. அதத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணிட்டுத்தான் தொடணும், மெயின ஆஃப் பண்ணியிருந்தாலும் அதுக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும். மேல எழுதியிருந்தது 25 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கெப்பாசிட்டரோட அளவு), 440 வோல்ட். எங்களுது மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்குற 1 ஹெச்பி மோனோபிளாக். வீட்ல உபரியா இருந்தது பழைய சீலிங் ஃபேனோட கெப்பாசிட்டர், அது 2.5 எம்எஃப்டி, புள்ளி வச்ச இடத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும், பத்துல ஒரு பங்கு, அதப் போட்டா மோட்டார் கெளம்பாது. சின்ன மாமனார் வீட்டு மோட்டாரும் 1 ஹெச்பிதான், அதுலேர்ந்து கழட்டி மாட்டலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, ரெண்டு வீட்டுக்கும் அன்னிக்கித் தண்ணி வேணும்ங்கறப்ப ஓடுற மோட்டார எதுக்குத் தொடணும்னு விட்டாச்சு. அதுக்குப் பதிலா அவங்க வீட்டு மாடிக் குழாயிலேர்ந்து தோட்டத்து ஹோஸ எங்க கொல்லை வரைக்கும் இழுத்து ரெண்டு அண்டா, எல்லாக் குடம், குளிக்கிற டிரம் வரைக்கும் ரொப்பி வச்சோம். பாத்திரம் தேய்க்க, மாடு குளிப்பாட்ட எல்லாம் வாய்க்கால்தான். மேட்டூர் அணைய ஜனவரி 28 வரைக்கும் திறந்து வைக்கிறதுதான் வழக்கம்ங்கறதால பொங்கலுக்குப் பெரும்பாலும் வாய்க்கால்ல தண்ணி ஓடும், இந்த வருஷமும் ஓடுச்சு.

தண்ணி வந்துடுச்சேன்னு அடுப்படிக்குள்ள வந்து பருப்ப ஏத்துனா கொஞ்ச நேரத்துல நெருப்பு சிறுத்து அணைஞ்சுபோச்சு. சிலிண்டர் தீந்துடுச்சு. அதுல கவலை இல்ல, உபரி சிலிண்டர் சீல் பிரிக்காம இருந்துச்சு. சீலப் பிரிச்சு ரெகுலேட்டர மாட்டி ஆன் பண்ணதும் "உஸ்ஸ்"னு சத்தம், வாடை. ரெகுலேட்டர உடனே ஆஃப் பண்ணிக் கழட்டி, கயித்துல தொங்குற அந்த பிளாஸ்டிக் மூடியப் போட்டு அமுக்குனேன், சத்தம் நின்னுச்சு. இங்க ஒண்ணு முக்கியமா சொல்லணும். கேஸ் காத்த விட கனம், கீழ தரையோட தரையாத்தான் தேங்கும், மேல ஜன்னல மட்டும் திறந்தா போதாது, தரையோட இருக்குற கதவு ரெண்டையும் திறந்து வைக்கணும். அந்த நேரத்துல ஃபேன் போடுறது, லைட் போடுறது, ஓடிட்டு இருக்குறத ஆஃப் பண்றது எதுவும் கூடாது, சுவிட்ச்ல வர்ற சின்னப் பொறியே போதும். பூஜை ரூம்ல விளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு, நாத்தனார் ஓடிப்போயி மொதல்ல அதக் குளிர வச்சாங்க. வெளிய வந்தப்புறம் 1906க்கு ஃபோன் போட்டோம், அது கேஸ் லீக்குக்குன்னே இருக்குற எமர்ஜென்சி நம்பர், இந்தியா முழுக்க இதே நம்பர்தான். சிலிண்டர் வாய்க்குள்ள உக்காந்திருக்கணும் ஒரு கருப்பு ரப்பர் வளையம், அது இருந்தாத்தான் ரெகுலேட்டர் இறுக்கமா உக்காரும். டார்ச் அடிச்சுப் பாத்தப்ப அது ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. அத நாமளே நோண்டி மாத்தக் கூடாது, சிலிண்டர் கொண்டு வர்றவங்ககிட்ட புது வளையம் இருக்கும், டெலிவரி வாங்கும்போதே மாட்டிக் காட்டச் சொல்லி சோப்புத்தண்ணி விட்டுப் பாத்து வாங்கணும், நொரை கெளம்புச்சுன்னா திருப்பிக் குடுத்துடணும். சிலிண்டர வாசப்பக்கம் திறந்தவெளியில நிழல்ல நிறுத்திட்டோம். அடுப்பு கொல்லைப்பக்கம் பத்த வைக்கப் போறோம்ங்கறதால நடுவுல வீடு மொத்தமும் இருக்குற மாதிரி அந்த இடத்தப் பாத்து வச்சோம்.

அப்ப மணி மூணரை. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் பைக்க எடுத்துட்டு சிலிண்டர் கேட்டுப் போறேன்னாரு, இன்னொருத்தர் கும்பகோணத்துல ஹோட்டல்ல சொல்லிடலாம்னாரு. எங்க அத்தை திண்ணையில உக்காந்து வாழைக்காய் சீவிட்டே, "எது இல்லன்னா எல போட முடியாதோ அத மட்டும் பாருங்க, மத்தது நாளைக்கி"ன்னாங்க. அதுக்கப்புறம் எல்லாம் அந்த வரிசையிலதான் போச்சு. தண்ணி வந்தாச்சு, நெருப்பு வேணும், அரைக்கணும், வெளிச்சம் வேணும், அவ்வளவுதான்.

நெருப்புக்கு முதல் நாள் பொங்கல் வச்ச மண்ணடுப்பு ரெண்டு அப்படியே இருந்துச்சு, இன்னொண்ணு செங்கல் அடுக்கி போட்டோம். தைப் பனியில வெளிய கிடந்த வெறகு மேல நனைஞ்சிருந்துச்சு, அதப் பத்த வச்சா புகைதான் வரும், எரியாது. கட்டுத்தறி ஓரமா உள்ள அடுக்கியிருந்த கருவ வெறக எடுத்துட்டு, பத்த வைக்க தென்னம்பாளையும் கொட்டாங்கச்சியும். பாளை குபுகுபுன்னு பிடிக்கும், ஆனா நிக்காது. கருவ வெறகு பிடிக்க நேரமாகும், பிடிச்சா கங்கு ரொம்ப நேரம் நிக்கும், பருப்புக்கும் குழம்புக்கும் அதுதான் சரி. பாத்திரத்தோட வெளிப்பக்கம் அடியில சாம்பலக் குழைச்சுப் பூசிட்டு ஏத்தணும், இல்லன்னா கரி ஏறி மறுநாள் தேய்க்கிறவங்க கை ஓஞ்சிடும்.

பருப்பு குக்கர் இல்லாம வேகணும். கேஸ்ல கால்வாசி வெந்து நின்ன முக்கால் கிலோ தொவரம்பருப்ப அகலமான பாத்திரத்துக்கு மாத்தி, கொதிக்கிற தண்ணிய ஊத்தி, மஞ்சத்தூள் போட்டு ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன், எண்ணெய் விட்டா நொரை பொங்கி வழியாது. இடையில தண்ணி வத்துனா வெந்நியாத்தான் ஊத்தணும், பச்சத்தண்ணி ஊத்துனா பருப்பு விறைச்சுக்கும். மூடி போட்டு விட்டதுல நல்லாவே மசிஞ்சுச்சு.

கூட்டுக்குழம்புக்கு காய் ஒத்தப்படையா போடுறது எங்க வீட்டு வழக்கம், அன்னிக்கி ஒம்போது: பச்சை மொச்சை, கருணை, சேப்பங்கிழங்கு, சக்கரைவள்ளி, வாழைக்காய், அவரை, கத்தரி, பூசணி, பரங்கி. வெறகடுப்புல இது குக்கர்ல வைக்கிறத விட ருசியா வரும், ஆனா எத எப்பப் போடுறதுங்கறதுல கவனம் வேணும். கருணைய அரிசி கழுவுன தண்ணியில புளி கொஞ்சம் போட்டு தனியா வேக வச்சு வடிச்சிடணும், இல்லன்னா நாக்கு அரிக்கும். சேப்பங்கிழங்கும் தனியா வெந்து தோல் உரிஞ்சு கடைசியிலதான் வரும், இல்லன்னா குழம்பு கொழகொழன்னு ஆயிடும். மத்ததுல மொச்சை மொதல்ல, அது அரைவேக்காடு வந்ததும் வாழைக்காய், அவரை, அப்புறம் கத்தரி, சக்கரைவள்ளி, அதுக்கப்புறம் பூசணி, பரங்கி. பரங்கிய முன்னாடி போட்டா தேடுனாலும் கிடைக்காது. புளித்தண்ணி மட்டும் காயெல்லாம் வெந்தப்புறம்தான். புளிப்பு ஏறிடுச்சுன்னா காய் அதுக்கு மேல வேகாது, அடுப்ப எவ்வளவு எரிச்சாலும் மொச்சை கடுக்குனு நிக்கும். அவசரத்துல நிறைய பேரு ஒண்ணாக் கொட்டிடறாங்க, அங்கதான் குழம்பு கெடுது.

காய் வெந்துட்டு இருக்கும்போதே மல்லி, வரமிளகா, கடலப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய் எல்லாத்தையும் வறுத்து மிக்ஸியில போட்டேன். ரெண்டு சுத்து சுத்துச்சு, "கரகர"ன்னு ஒரு சத்தம், மோட்டார் ஓடுது, பிளேடு சுத்தல, ரப்பர் கருகுற வாடை. ஜாரத் தூக்குனா மிக்ஸி மேல ஜாரோட பிளேடச் சுத்தி விடுற கப்ளர்ல பல்லெல்லாம் மழிஞ்சு வட்டமா ஆயிருக்கு.

கப்ளர் போச்சுன்னா கப்ளர மட்டும் மாத்திட்டு வேலைய முடிக்கலாம்னு தோணும். மொதல்ல அது ஏன் போச்சுன்னு பாக்கணும். ஜாரக் கவுத்து கீழ இருக்குற பல்ல கையால சுத்திப் பாத்தேன், அசையவே மாட்டேங்குது, ரெண்டு கையால திருகுனாத்தான் நகருது. ஜாரோட அடியில பிளேடுத் தண்டு சுத்துற வளையம், புஷ்ஷுன்னு சொல்லுவாங்க, அது இறுகிப் போயிருக்கு, தேங்காயும் தண்ணியும் உள்ள எறங்கிக் காஞ்சு துரு ஏறியிருக்கு. கீழ மோட்டார் சுத்துது, மேல பிளேடு நிக்குது, நடுவுல மாட்டுனது கப்ளர். இந்த ஜார வச்சுக்கிட்டு புதுக் கப்ளர் போட்டாலும் அதுவும் மழிஞ்சுதான் போகும். அதனால பெரிய ஜார ஓரமா வச்சு, புஷ் பக்கம் கொதிக்கிற தண்ணி ஊத்தி தேங்காய் எண்ணெய் விட்டு ஊற விட்டுட்டேன். நடு ஜாரும் சட்னி ஜாரும் லேசா சுத்துச்சு.

கப்ளருக்கு பரண்ல இருந்த பழைய மிக்ஸி உதவுச்சு, மோட்டார் எரிஞ்சு தூக்கிப் போட்டது, அதே கம்பெனி, பல்லு எண்ணிக்கையும் ஒண்ணுதான். கழட்டுற விதம்: பிளக்கப் பிடுங்கிட்டு மிக்ஸியச் சாய்ச்சா அடியில ஒரு ஓட்டை, அது வழியா ஷாஃப்டோட நுனியில ஸ்க்ரூடிரைவர் உக்கார ஒரு வெட்டு தெரியும். அதுல ஸ்க்ரூடிரைவரக் குடுத்து ஒருத்தர் அசையாம பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் மேல கப்ளரத் திருகணும். எங்க மிக்ஸியில மரை தலைகீழ், கடிகாரம் சுத்துற பக்கம் திருகுனாத்தான் கழலும், வழக்கமா கழட்டுற மாதிரி திருகுனா இன்னும் இறுகும். பழசுலேர்ந்து கழட்டி இதுல கையால இறுக்கியாச்சு, அதுக்கு மேல இறுக்கத் தேவையில்ல, ஓட ஓட தானே இறுகிக்கும். பிளக்கப் போட்டு ஆன் பண்ணா அப்பவும் ஓடல, முன்னாடி திணறுனதுல அடியில இருக்குற சிவப்பு பட்டன் வெளிய தள்ளிடுச்சு. அது சூடு ஆறுனாத்தான் உள்ள நிக்கும், கொஞ்ச நேரம் விட்டு அமுக்குனோம், ஓடிச்சு.

ஆனா அதுக்குள்ள அப்பாயி கொல்லையில அம்மியக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. எம்பது தாண்டுனவங்க, உக்காந்து அரைக்க முடியாது, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு நாத்தனாரையும் என்னையும் அரைக்க வச்சாங்க. நான் வறுத்ததெல்லாத்தையும் மொத்தமா அம்மியில கொட்டப் போனேன், "ஏம்மா, தேங்காய இப்பப் போட்டா மல்லி எப்படி மசியும்"னு கையப் பிடிச்சுட்டாங்க. மொதல்ல மிளகாயும் நாலு கல்லுப்பும், கல்லுப்பு போட்டா மிளகாத் தோல் குழவிக்கு அடியில வழுக்காது. அதுல விரல் நுனியால தண்ணி தெளிச்சு தெளிச்சு நசுக்கி, அப்புறம் மல்லி, கடலப்பருப்பு, அது நைஸா ஆனப்புறம் தேங்காய். குழவிய முன்ன தள்ளும்போது அழுத்தணும், பின்ன இழுக்கும்போது லேசா விடணும், ஓரத்துல ஒதுங்குனத வழிச்சு நடுவுல போட்டுக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரத்துல மிளகாயோட செவப்பும் தேங்காயோட எண்ணெயும் சேந்து ஒரு மினுமினுப்பு வந்துச்சு, வாசம் தெரு வரைக்கும் போச்சு. குழம்புக்கு அம்மியில அரைச்சதுதான் போட்டோம். மிக்ஸி ரசப்பொடிக்கும் பொரியலுக்குத் தேங்காயக் கொரகொரன்னு அரைக்கவும் மட்டும்.

ஆமவடைக்கும் அம்மிதான் நல்லது, பருப்பு பாதி உடைஞ்சும் பாதி மசிஞ்சும் வரணும், மிக்ஸியில அது ஒண்ணு முழுசா நிக்கும் இல்ல கூழாயிடும். ரெண்டு மணி நேரம் ஊறுன கடலப்பருப்ப சல்லடையில நல்லா வடிய விட்டுட்டு அரைச்சோம், ஈரம் இருந்தா வடை எண்ணெய் குடிக்கும். வெறகடுப்புல எண்ணெய் வைக்கும்போது பிள்ளைங்கள அந்தப் பக்கமே விடல. சட்டியில பாதிக்கு மேல எண்ணெய் ஊத்தல, சூடு ஏறிடுச்சுன்னா வெறக வெளிய இழுத்துட்டு கங்குலயே போடுறது. தண்ணி பக்கத்துல வைக்கிறதுக்குப் பதிலா பெரிய தாம்பாளத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டோம், எண்ணெயில தீப்பிடிச்சா மூடித்தான் அணைக்கணும், தண்ணி ஊத்துனா தீ மேல எழும்பும்.

ஆறு மணிக்கு மாட்டுக்குப் படைக்கிற நேரம் பாத்து வீடு முழுக்க இருட்டு. தெரு விளக்கு எரியுது, அப்ப நம்ம வீட்லதான். மீட்டர் பெட்டியில ஆர்சிசிபி, கரண்டு கசிஞ்சா தானே அணைக்கிற சுவிட்ச், கீழ எறங்கியிருக்கு, ஏத்துனா திரும்ப எறங்குது. அது 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிஞ்சாலே எறங்கிடும், உயிரக் காப்பாத்தத்தான் அது, அத பைபாஸ் பண்ணலாம்ங்கற பேச்சே கூடாது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்குற எம்சிபி சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆர்சிசிபிய ஏத்துனா நின்னுச்சு, ஒவ்வொண்ணா ஆன் பண்ணிட்டே வந்தா கட்டுத்தறி லைனப் போட்டதும் எறங்கிடுச்சு. அங்க தகரத்துல பிள்ளைங்க சீரியல் லைட் கட்டியிருந்தாங்க, பனி எறங்கி தகரம் நனைஞ்சு ஒயர் ஜாயின்ட்ல ஈரம். பிளக்கப் பிடுங்குனதும் எல்லாம் சரியாச்சு. பிள்ளைங்க டேப் சுத்தி திரும்பப் போடலாம்னு கெஞ்சுனாங்க, மாடு கட்டியிருக்குற எடத்துல, ஈரத் தரையில அந்த வேலையே வேண்டாம்னு கழட்டியாச்சு. மாட்டுக்கு அகல் விளக்குலயே படைச்சோம்.

கடைசியா சோறு. வெறும் குக்கர் சோறா வச்சுப் பழகுன கைக்கு ரெண்டரை கிலோ அரிசிய தவலையில வடிக்கிறது கொஞ்சம் பயம்தான். குறுவையில அறுத்த புது அரிசி, அதுக்குப் பழைய அரிசி அளவுக்கு வேக்காடு வேணாம், ஒரு நிமிஷம் அசந்தா குழைஞ்சிடும். ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாத்தா நடுவுல ஊசி முனை அளவு வெள்ளைப் பொட்டு தெரியணும், அப்பவே எறக்கிடணும், மிச்சத்த உள்ள இருக்குற சூடே வேக வச்சுடும். தட்டு போட்டு மூடி, ரெண்டு பேர் ஈரத்துணியால தவலையோட காதப் பிடிச்சு கவுத்து கஞ்சிய வடிச்சோம். அந்தக் கஞ்சியோட தவிடு கலந்து மாட்டுக்குத்தான் மொதல்ல போச்சு, அதுங்க பண்டிகை தானே.

எட்டரைக்கு கூடத்துல எல போட்டாச்சு. திட்டம் போட்டதுல வாழைக்காய் வறுவல் மட்டும் இல்ல, அடுப்பு பத்தாததால சீவுன காய அத்தை குழம்புலயே சேத்துட்டாங்க. கொழுந்தன் குழம்ப மூணாவது தடவ வாங்குனப்ப அப்பாயி என்னப் பாத்து தலைய ஆட்டுனாங்க. மிஞ்சுன குழம்ப கங்கு மேலயே வச்சு விட்டதுல காலையில சுண்டிப்போயி இட்லிக்கு இன்னும் நல்லா இருந்துச்சு.

மறுநாள் உழவர் திருநாள், அன்னிக்கே கேஸ் ஆளு வந்து ரப்பர் வளையத்த மாத்தி, சோப்புத்தண்ணி விட்டுக் காட்டிட்டுப் போனாரு. கெப்பாசிட்டர் கடை திறந்தப்புறம் வாங்குனது, பழசக் கொண்டு போயி அதே 25 எம்எஃப்டி, 440 வோல்ட் கேட்டு வாங்குனோம், இருநூறு ரூபாய்க்குள்ளதான், மாட்டுனதும் மோட்டார் ஒரே மூச்சுல கெளம்புச்சு. ரெண்டு கப்ளரும் வாங்கி டிராயர்ல போட்டாச்சு. அம்மி நடுவுல வழுவழுன்னு ஆயிடுச்சு, கொத்துறவர் தெருவுல வந்தா நிறுத்தச் சொல்லி பக்கத்து வீட்லயும் சொல்லி வச்சிருக்கேன். பெரிய ஜார் எண்ணெயில ஊறி இப்ப லேசா சுத்துது, ஆனா தண்ணி ஊத்தி வச்சா அடியில கசியுது, புஷ்ஷையும் வாஷரையும் சேத்து மாத்தக் குடுத்திருக்கேன்.